சென்னையிலிருந்து இலங்கைக்கு: நாள்வாரியாகப் பயணச் செலவைத் திட்டமிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பறக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. தூரம் இவ்வளவு குறைவு என்பதாலும், இடியப்பமும் அப்பமும் அங்கேயும் காலை உணவாகக் கிடைக்கின்றன என்பதாலும், ஊட்டிக்குப் போவதற்கு ஆகும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துச் சென்றால் போதும் என்று சென்னைக் குடும்பங்கள் பலவும் எண்ணிக்கொள்கின்றன. அந்த எண்ணம் பாதி சரி. பேருந்து, ரயில், சாதாரணச் சாப்பாட்டுக் கடை, வாழைப்பழம், தேநீர் ஆகியவற்றில் நீங்கள் எதிர்பார்த்த அளவிலேயே செலவு இருக்கும். ஆனால் சிகிரியா குன்றின் நுழைவாயிலிலும், வனவிலங்குப் பூங்காவின் ஜீப்பிலும், ஓட்டுநருடன் கூடிய வாடகைக் காரிலும் நீங்கள் வெளிநாட்டவர். அங்கே விலை டாலரை ஒட்டியே நகர்கிறது. ஒரே நாளில் இந்த இரண்டு விலைகளும் எவ்வளவு கலக்கின்றன என்பதுதான் அந்த நாளின் செலவைத் தீர்மானிக்கிறது. ஆகவே மொத்தத் தொகையை நாட்களால் வகுத்துச் சராசரி பார்ப்பதைக் கைவிட்டு, ஒவ்வொரு நாளையும் அதன் தன்மைப்படி கணக்கிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

முதல் படி: மாதத்தையும் திசையையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

இலங்கை சிறிய தீவாக இருந்தாலும் இரண்டு பருவமழைகள் அதை மாறி மாறி நனைக்கின்றன. தென்மேற்குப் பருவமழை மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை கொழும்பு, காலி, மிரிஸ்ஸ ஆகிய கரையோரங்களையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் நனைக்கிறது. அதே மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே ஆகிய கிழக்குக் கரைகள் வறண்டு, கடல் அமைதியாக இருக்கும். டிசம்பரில் நிலை தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை வடக்கையும் கிழக்கையும் பிடித்துக்கொள்ள, தென்மேற்குக் கரை வெயிலில் மின்னும். செலவுக் கணக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எந்தக் கரையில் வெயில் அடிக்கிறதோ அந்தக் கரையில் அறை வாடகை ஏறும்; எந்தக் கரையில் மழை பெய்கிறதோ அங்கே வாடகை இறங்கும், ஆனால் ஆட்டோவுக்கும் காருக்கும் கொடுப்பது கூடும்.

பள்ளி விடுமுறையை நம்பிப் பயணம் செய்யும் சென்னைக் குடும்பங்களுக்கு இரண்டு காலங்கள்தான் அமைகின்றன. ஒன்று கோடை விடுமுறை, மற்றொன்று அரையாண்டு விடுமுறை. கோடையில் செல்வதாயின் ஏப்ரல் 13, 14 தேதிகளை ஒட்டிய வாரத்தைத் தவிர்க்குமாறு உறுதியாகச் சொல்வேன். நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு வரும் அதே நாட்களில் அங்கே சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு கொண்டாடப்படுகிறது. கொழும்பில் கடைகள் அடைக்கப்படும், சொந்த ஊருக்குச் செல்பவர்களால் பேருந்துகளும் ரயில்களும் நிரம்பி வழியும், நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் நடப்பதால் அங்குள்ள அறைகளுக்கு ஆண்டிலேயே மிக உயர்ந்த வாடகை கேட்பார்கள். மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் இதைவிட நல்ல தேர்வு. அரையாண்டு விடுமுறையோ தென்மேற்குக் கரையின் உச்சப் பருவத்தில் விழுகிறது. அப்போது காலியிலும் மிரிஸ்ஸவிலும் தங்க விரும்பினால் அறைக்கான தொகையைத் தாராளமாக ஒதுக்குங்கள். ஜூலை அல்லது ஆகஸ்டில் கண்டியில் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத்தைக் காணச் செல்பவர்கள், அந்த நாட்களில் கண்டியின் அறை வாடகை வழக்கமான அளவில் இருக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம் மட்டுமே போதும் என்பவர்கள் கொழும்பு வழியாகச் செல்லத் தேவையில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கு விமானச் சேவை 2019-இல் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கப்பல் கடலின் நிலையைப் பொறுத்து நிறுத்தப்படுவது உண்டு என்பதால், அதை நம்பிச் செல்பவர்கள் ஒரு நாளுக்கான கூடுதல் செலவையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே முறை ஆகும் செலவுகளைத் தனியே பிரித்து வையுங்கள்

விமானக் கட்டணம், பயண அனுமதி, பயணக் காப்பீடு, அங்கு வாங்கும் சிம் அட்டை ஆகியவற்றை நாள்செலவுக்குள் கலக்கவே கூடாது. இவை எத்தனை நாள் தங்கினாலும் ஏறத்தாழ மாறாதவை. இவற்றை நாட்களால் வகுத்துச் சேர்த்தால் குறுகிய பயணம் பொய்யாக விலை உயர்ந்ததாகத் தோன்றும், நீண்ட பயணம் பொய்யாக மலிவாகத் தோன்றும். இலங்கைக்குச் செல்ல இந்தியர்கள் இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அதற்கான கட்டண விதிகளை அந்நாட்டு அரசு அடிக்கடி மாற்றி வந்திருப்பதால், குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டுமே பார்த்து விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இயங்கும் இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஆளுக்கு ஒரு தொகையைக் கூட்டிவிடும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடக்கூடும்.

சுற்றுலா நிறுவனத்திடம் முழுத் தொகுப்பாக வாங்கினால், வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு உரிய டி.சி.எஸ். என்னும் வரித்தொகையையும் அவர்கள் சேர்த்து வாங்குவார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், பயணத்துக்கு முன் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்து போய்விடுகிறது என்பதால் அதற்கும் இந்தப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு விலைப்பட்டியல்கள் எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் உள்ளூர் விலை, வலப்பக்கம் வெளிநாட்டவர் விலை என்று தலைப்பிடுங்கள். நீங்கள் செய்ய விரும்பும் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றில் கட்டாயம் விழும்.

இடப்பக்கத்தில் வருபவை: இ.போ.ச. எனப்படும் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும், ரயில், கொழும்பில் மீட்டர் போட்ட ஆட்டோ, சோறும் கறியும் விற்கும் கடை, சைவக் கடை, கொத்து ரொட்டி, செவ்விளநீர், காலி கோட்டைக்குள் நடப்பது, கொழும்பு காலிமுகத்திடலில் மாலையைக் கழிப்பது, நல்லூர் கந்தசுவாமி கோயிலிலும் திருக்கோணேஸ்வரத்திலும் வழிபடுவது. இவற்றில் சிலவற்றுக்குப் பணமே வேண்டாம்.

வலப்பக்கத்தில் வருபவை: சிகிரியா, பொலன்னறுவை, அநுராதபுரம் ஆகிய தொல்லியல் இடங்களின் நுழைவுச் சீட்டு, கண்டி தலதா மாளிகை, தம்புள்ளை குகைக் கோயில், யால, உடவளவ போன்ற தேசியப் பூங்காக்கள், மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கும் படகு, நாள் வாடகைக் கார். மத்திய கலாசார நிதியம் நிர்வகிக்கும் சிகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் இந்தியர் உட்பட சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம் உண்டு. சீட்டு வாங்கும் இடத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அது கிடைக்கும். அறையிலேயே பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுச் செல்பவர்கள் முழுத் தொகையைச் செலுத்த நேரிடும். சலுகைக்குப் பிறகும் சிகிரியா சீட்டு நம் ஊர்த் தொல்லியல் துறைச் சீட்டுகளோடு ஒப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதை அறிந்தே செல்லுங்கள். குன்றின் உச்சியில் ஏறி நிற்பதைவிட அந்தக் குன்றைப் பார்ப்பதே போதும் என்றால், பக்கத்தில் உள்ள பிதுரங்கல பாறைக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் ஏறலாம். சுவரோவியங்களையும் சிங்கப் பாதங்களையும் காண விரும்புபவர்கள் சிகிரியாவுக்கே செல்ல வேண்டும். அந்தச் செலவு வீணில்லை என்பது என் கருத்து.

வனவிலங்குப் பூங்காவின் கணக்கு பலரைக் குழப்புகிறது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு. சேவைக் கட்டணம் குழுவுக்கு. ஜீப் வாடகை வண்டிக்கு. அதன் மேல் வரி. ஆகவே இருவர் மட்டும் செல்லும்போது ஆளுக்கு விழும் தொகை மிகவும் கூடிவிடும், ஆறு பேர் சேர்ந்தால் கணிசமாக இறங்கிவிடும். தங்கும் விடுதியில் வேறு யாரேனும் மறுநாள் செல்கிறார்களா என்று முந்தைய மாலையே கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பட்டியலுக்கான விலைகளைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். 2022-இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது ஒரு டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களுக்குள் 360 வரை சரிந்தது. அதன் பிறகு விலைகளும் கட்டணங்களும் வரிகளும் புதிதாக அமைந்தன. எனவே அந்த ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளிலிருந்து பாதையை எடுத்துக்கொள்ளலாம், விலையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்காம் படி: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகை கொடுங்கள்

இப்போது பயண நாட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று சொற்களில் ஒன்றைக் குறியுங்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் நாள் ‘பயண நாள்’. வலப்பக்கப் பட்டியலிலிருந்து பெரிய நுழைவுச் சீட்டோ வாடகைக் காரோ வரும் நாள் ‘கட்டண நாள்’. ஒரே ஊரில் இருந்து நடந்தும், கோயிலுக்கும் கடற்கரைக்கும் சென்றும் கழிக்கும் நாள் ‘ஓய்வு நாள்’. இரண்டு கட்டண நாட்கள் அடுத்தடுத்து வந்தால் அவற்றுக்கு நடுவே ஓர் ஓய்வு நாளை வைக்க முடியுமா என்று பாருங்கள். பணத்துக்கு மட்டுமல்லாமல் உடம்புக்கும் அது தேவை, ஏனெனில் மே மாதத்தில் பொலன்னறுவையின் செங்கல் இடிபாடுகளுக்கு இடையே நடப்பது சென்னை வெயிலுக்குப் பழகியவர்களையும் களைப்படையச் செய்யும்.

ஐந்தாம் படி: நாளின் செலவுத் தலைப்புகளை நிரப்புங்கள்

அறை. கடற்கரை ஊர்களிலும், சிகிரியா, அநுராதபுரம் போன்ற வறண்ட பகுதிகளிலும் குளிர்சாதன அறை குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது. ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அது தேவையே இல்லை. எல்ல போன்ற மலை ஊர்களிலும் மின்விசிறி அறை போதும். முழுப் பயணத்துக்கும் ‘ஏ.சி. அறை’ என்று தேடாமல் ஊர்வாரியாகத் தேடினால் இங்கே ஒரு நல்ல தொகை மிச்சமாகும். குடும்பத்தினர் நடத்தும் விருந்தினர் இல்லங்களில் காலை உணவு சேர்ந்த வாடகையைத் தேர்ந்தெடுங்கள். பழத்தட்டு, இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல், முட்டை என்று அவர்கள் பரிமாறும் காலை உணவுக்குப் பிறகு மதியத்துக்கு இளநீரும் பனிஸ் எனப்படும் ஒரு பன்னும் போதும் என்று பலருக்கும் தோன்றும்.

உணவு. இந்தத் தலைப்பில் கவனிக்க வேண்டியது கடையின் வகை. மதியம் சோறும் நான்கைந்து மரக்கறிகளும் கொடுக்கும் சாதாரணக் கடையில் அட்டையில் உள்ள விலையே இறுதி விலை. சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களிலோ பட்டியலின் அடியில் சேவைக் கட்டணமும் வரியும் தனியே சேர்க்கப்படும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். சேவைக் கட்டணம் 10 சதவீதம். மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். 1,000 ரூபாய் என்று அச்சிட்ட உணவு மேசையிலிருந்து எழும்போது ஏறத்தாழ 1,300 ரூபாயாகிவிடுகிறது. எனவே அத்தகைய உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடத் திட்டமிட்டால் பட்டியல் விலையுடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்குக் கொழும்பில் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும், வடக்கில் யாழ்ப்பாணம் முழுவதும் எளிதான இடங்கள். தோசை, இடியப்பம், வடை எல்லாம் நமக்குப் பழக்கமான சுவையில், கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். தென்கரையில் அப்படி இல்லை. மாசி எனப்படும் காய்ந்த மீன்துண்டு சம்பலிலும் சில மரக்கறிகளிலும் கலந்திருக்கும் என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்டு உண்ண வேண்டியிருக்கும். அதனால் சைவர்கள் அங்கே சுற்றுலா உணவகங்களையே நாட நேரலாம், செலவும் கூடும். தென்கரையில் தங்கும் நாட்களுக்கு மட்டும் உணவுக்கான தொகையை உயர்த்தி எழுதினால் இது சமாளிக்கக்கூடியதே.

போக்குவரத்து. கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு 187 எண் பேருந்து செல்கிறது. பெட்டிகளும் குழந்தைகளும் அதிகமாக இருந்தால் செயலி வழியாகக் கார் பிடிப்பதே வசதி. பிக்மீ, ஊபர் ஆகிய இரண்டு செயலிகளையும் சென்னையிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால், எந்த ஊரில் எந்தத் தூரத்துக்கு என்ன கட்டணம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாலையில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் பேச வேண்டியிருக்கும். சிறிய ஊர்களில் செயலி வேலை செய்யாது, பேரம்தான். ஏறுவதற்கு முன் தொகையை முடிவு செய்வது நம் ஊரில் நாம் நன்கு அறிந்த கலை என்பதால் அதை விளக்கத் தேவையில்லை.

கொழும்பு கோட்டையிலிருந்து கண்டிக்கும், கண்டியிலிருந்து எல்லவுக்கும் செல்லும் ரயில், பணம் மிச்சமாகும் வழியாகவும் பயணத்தின் மிக அழகிய பகுதியாகவும் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. முன்பதிவு செய்யக்கூடிய இருக்கைகள் பயண நாளுக்கு 30 நாட்கள் முன்னால் திறக்கப்பட்டு, மலையக வழியில் மிக விரைவாகத் தீர்ந்துவிடுகின்றன. பின்னர் அதே சீட்டை இடைத்தரகர்கள் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் சீட்டு எப்போதும் கிடைக்கும், உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலால் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே உங்கள் தேதியில் எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதை உறுதி செய்த பிறகே திட்டத்தில் எழுதுங்கள். ஓடாத பகுதிக்குப் பேருந்து அல்லது வேன் கட்டணத்தை மாற்றாக எழுதி வையுங்கள். நுவரெலியாவுக்கு ரயிலில் செல்பவர்கள் நானுஓயா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஊருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓட்டுநருடன் காரை வாடகைக்கு எடுப்பவர்கள் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். எரிபொருள் சேர்ந்ததா, ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை, அதிவேகச் சாலைக் கட்டணம் யாருடையது, ஓட்டுநர் பேட்டாவும் இரவுத் தங்கலும் எவர் பொறுப்பு, கடைசி நாளில் அவர் வெறும் வண்டியுடன் திரும்பும் தூரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா? மாத்தளைப் பக்கம் வாசனைப் பயிர்த் தோட்டங்களிலும், இரத்தினக் கல் கடைகளிலும் வண்டியை நிறுத்துவது பல ஓட்டுநர்களுக்கு வழக்கம். வாங்கும் எண்ணம் இல்லையெனில் அதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நேரத்தை மிச்சமாக்கும்.

வெப்பமும் மழையும். வெப்பமண்டல நாட்டுக்குத் திட்டமிடும்போது பெரும்பாலான கணக்குகளில் விடுபட்டுப்போகும் தலைப்பு இதுவே, ஆகவே இதைத் தனியாகவே எழுதச் சொல்கிறேன். நண்பகலில் ஒரு கிலோமீட்டர் நடக்கலாம் என்று தாளில் எழுதியது, வெயிலில் நிற்கும் குழந்தையைப் பார்த்தவுடன் ஆட்டோவாக மாறிவிடும். குடிநீர், செவ்விளநீர், பழச்சாறு, ஐஸ்கிரீம் ஆகியவை நாளுக்குப் பல முறை வாங்கப்படும். வியர்வையால் உடைகள் இருமடங்கு வேகத்தில் அழுக்காகும், சலவைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். திடீர் மழையில் ஒதுங்கிய தேநீர்க் கடையிலும் ஒரு செலவு. ஐந்து லிட்டர் குடிநீர்க் கேன் வாங்கி அறையில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுசென்ற புட்டிகளில் நிரப்பிக்கொண்டால் இதில் பாதி குறையும். வெயில் தடுப்புப் பசை, கொசு விரட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். சுற்றுலா ஊர்களில் இவற்றின் விலை உயர்வு. இலங்கையிலும் டெங்கு உண்டு என்பதால் கொசு விரட்டியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கோயில்களிலும் விகாரைகளிலும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு துப்பட்டாவோ வேட்டியோ இருந்தால் வாசலில் புதிதாகச் சாரம் எனப்படும் கைலி வாங்க வேண்டியதில்லை. செருப்பு வைக்கும் இடத்துக்குச் சில்லறை நோட்டுகள் தேவைப்படும்.

ஆறாம் படி: ஒரு மாதிரிக் கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. உங்கள் தேதிக்கு நீங்களே தேடிய விலைகளை அவற்றின் இடத்தில் வையுங்கள். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு வேளச்சேரிக் குடும்பம் ஏழு இரவுகளுக்கு கொழும்பு, கண்டி, எல்ல, காலி என்று செல்வதாகக் கொள்வோம். எல்லாத் தொகைகளும் இலங்கை ரூபாயில்.

ஓய்வு நாளில் அறைக்கு 12,000, உணவுக்கு 9,000, ஆட்டோவுக்கு 2,500, வெப்பத்துக்கும் மழைக்கும் 1,500, சில்லறைக்கு 1,500 என எழுதினால் கூட்டுத்தொகை 26,500. பயண நாளில் மற்ற தலைப்புகள் அப்படியே இருக்க, போக்குவரத்து மட்டும் 7,000 ஆனால் கூட்டுத்தொகை 31,000. கட்டண நாளில் அறை 12,000, வெளியில் சாப்பிடுவதால் உணவு 10,000, நாள் வாடகைக் கார் 22,000, நால்வருக்கும் நுழைவுச் சீட்டு 20,000, வெப்பத்துக்கு 2,000, சில்லறைக்கு 2,000 என 68,000 ஆகிறது. ஓய்வு நாளைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த ஏழு நாட்களில் மூன்று பயண நாட்கள், இரண்டு கட்டண நாட்கள், இரண்டு ஓய்வு நாட்கள் என்றால், 93,000, 136,000, 53,000 ஆகிய மூன்றும் சேர்ந்து 282,000. ஊர் திரும்பும் எட்டாம் நாளில் சாப்பாட்டுக்கும் விமான நிலையம் செல்லும் வண்டிக்கும் 20,000 சேர்த்தால் 302,000. இதன் மேல் 15 சதவீதம், அதாவது 45,300 ரூபாயைக் கையிருப்பாக வைத்தால் மொத்தம் 347,300. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று கொண்டால் இது ஏறத்தாழ 99,000 இந்திய ரூபாய். 2024, 2025 ஆண்டுகளில் இந்த விகிதம் பெரும்பாலும் 3.4-க்கும் 3.9-க்கும் இடையே இருந்தது.

இப்போது சராசரி ஏன் ஏமாற்றும் என்பதைப் பாருங்கள். 282,000 ரூபாயை ஏழால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 40,000 வருகிறது. ஓய்வு நாளில் 26,500 செலவான பிறகு இன்னும் 13,500 ரூபாய் ‘மிச்சம்’ இருப்பதாகத் தோன்றும்; குடும்பம் அன்றிரவு நல்ல உணவகத்துக்குப் போகும், பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கும். ஆனால் அந்த 13,500 உண்மையில் சிகிரியா போன்ற கட்டண நாளுக்கு உரியது. வகைப்படி எழுதிய கணக்கில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை, ஏனெனில் ஓய்வு நாளின் வரம்பு 26,500 என்று காலையிலேயே தெரியும். தொகையைக் குறைக்க வேண்டியிருந்தாலும் வழி தெளிவாகிவிடுகிறது. சாப்பாட்டில் நாளுக்கு 500 ரூபாயைப் பிடித்து வைத்து எல்லாரையும் வருத்துவதைவிட, இரண்டு கட்டண நாட்களில் ஒன்றை ஓய்வு நாளாக மாற்றினால் ஒரே அடியில் 41,500 ரூபாய் குறைகிறது.

கடையில் நிற்கும்போது மனக்கணக்குக்கு இலங்கை விலையை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். விடை உண்மையான இந்திய ரூபாய் மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும் என்பதால் பிழை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும்.

ஏழாம் படி: பணத்தை எந்த வடிவில் கொண்டு செல்வது

தியாகராய நகரிலும் எழும்பூரிலும் உள்ள அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையங்களில் இலங்கை ரூபாயைக் கேட்டு வாங்குவதைவிட, டாலராக வாங்கிச் சென்று கட்டுநாயக்க வருகைக் கூடத்தில் வரிசையாக உள்ள வங்கி முகப்புகளில் விகிதங்களை ஒப்பிட்டு மாற்றுவது பொதுவாக நல்லது. இரண்டு முறை மாற்றுவதில் இரண்டு முறை இழப்பு உண்டு என்பதால், முதல் மூன்று நாட்களுக்கான பணத்தை மட்டும் இப்படி எடுத்துச் செல்லுங்கள். அறை வாடகைக்கும் பெரிய உணவகங்களுக்கும் அட்டையைப் பயன்படுத்தலாம். ஆனால் பெரும்பாலான இந்தியக் கடன் அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கின்றன, 3.5 சதவீத அட்டையில் உண்மையான சுமை 4.13 சதவீதம். வெளிநாட்டுக் கூடுதல் கட்டணம் இல்லாத அட்டை ஒன்று வீட்டில் இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள். டாலர் ஏற்றிய முன்கட்டண அட்டையை இலங்கை ரூபாயில் தேய்த்தால் குறுக்கு நாணயக் கட்டணம் பிடிக்கப்படலாம் என்பதை வங்கியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அட்டை இயந்திரம் ‘இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா’ என்று கேட்டால் மறுத்து, இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கடையின் வங்கி தன் விருப்பப்படி ஒரு விகிதத்தைப் போட்டுவிடும்.

யு.பி.ஐ. சேவை 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையில் தொடங்கப்பட்டது. கியூ.ஆர். குறியீடு உள்ள கடைகளில் நம் கைப்பேசிச் செயலியிலிருந்தே செலுத்த முடிவது பெரிய வசதிதான். எனினும் உங்கள் செயலியில் வெளிநாட்டுச் செலுத்துகையை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும், சிறிய ஊர்களில் ரொக்கம் இல்லாமல் இருக்கக் கூடாது.

எட்டாம் படி: இரவில் ஐந்து நிமிடம்

ஒவ்வோர் இரவும் அறைக்குத் திரும்பியதும் அன்றைய செலவை, தாளில் எழுதிய அந்த வகை நாளின் தொகையோடு ஒப்பிடுங்கள். ஓய்வு நாளை ஓய்வு நாளோடும், கட்டண நாளைக் கட்டண நாளோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். எந்தத் தலைப்பில் செலவு மீறியது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும், அடுத்த அதே வகை நாளில் அதைத் திருத்தலாம். கையிருப்பான 15 சதவீதத்தைத் தனி உறையில் வைத்து, பயணத்தின் முதல் பாதியில் மருத்துவம், தவறிய ரயில், மழையால் மாறிய பாதை ஆகிய மூன்றுக்கு மட்டும் திறப்பது என்று வீட்டாருடன் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பௌர்ணமிதோறும் வரும் போயா நாள் அங்கே அரசு விடுமுறை. அன்று மது விற்பனை இல்லை, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும், பேருந்துகளும் விகாரைகளும் நிரம்பும். உங்கள் பயணத்தில் அப்படி ஒரு நாள் விழுந்தால் அதை ஓய்வு நாளாக வகைப்படுத்துவது எளிது.

திரும்புவதற்கு இரண்டு நாட்கள் முன்னால் உறையைத் திறந்து எண்ணுங்கள். தொகை பெரும்பாலும் அப்படியே இருந்தால், தேயிலை, மாசி, மட்டக்களப்புக் கைத்தறிப் புடவை என்று வாங்க நினைத்தவற்றுக்கு இதிலிருந்து எடுக்கலாம். எஞ்சிய இலங்கை ரூபாய் நோட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் மாற்றுவது கடினம், கிடைக்கும் விகிதமும் மோசமாக இருக்கும். ஆகவே கடைசி நாள் அறை வாடகையின் ஒரு பகுதியை அட்டைக்குப் பதிலாக ரொக்கமாகவே செலுத்திவிட்டு, விமான நிலையம் செல்லும் வண்டிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் வேண்டிய தொகையை மட்டும் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் மீந்திருந்தால், நீங்கள் டாலரை மாற்றியபோது வங்கி கொடுத்த ரசீதைக் காட்டி, கட்டுநாயக்கவிலேயே மீண்டும் மாற்றிக்கொள்ளலாம்; அந்த ரசீதை முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டுடன் சேர்த்து வையுங்கள்.